பட்டி பார்த்த இடம் ஏன் மறுபடி தெரிகிறது? பிளாஸ்டிக் மாடல்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

பிளாஸ்டிக் மாடல் கட்டுகிறவர்களின் மேசை இழுப்பறையைத் திறந்தால் பாதி பிதுக்கிய பட்டி டியூப் நான்கைந்தாவது கிடக்கும். ஒன்று உள்வாங்கியது என்று அடுத்ததை வாங்கியிருப்பார்கள். அது உதிர்ந்தது என்று மூன்றாவதை. என் இழுப்பறையும் அப்படித்தான் நிறைந்தது. ஆறேழு மாடல்களைக் கெடுத்த பிறகு ஒன்று விளங்கியது. டியூப்பின் மேல் என்ன பெயர் இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், உள்ளே இருப்பது உலர்ந்து கெட்டியாகிறதா, இறுகிக் கெட்டியாகிறதா என்று பார்க்க வேண்டும்.

உலர்கிற பட்டியிலிருந்து ஒரு திரவம் ஆவியாகி வெளியேறுகிறது. வெளியேறிய அளவுக்குப் பட்டி சுருங்கியே தீரும். டமியாவின் சாம்பல் நிற பேசிக் பட்டி போன்ற கரைப்பான் பட்டிகள், மிஸ்டர் சர்ஃபேசர் 500 போன்ற தூரிகையால் தடவும் திரவப் பட்டிகள், வல்லேஹோவின் பிளாஸ்டிக் பட்டி போன்ற நீர்ப் பட்டிகள் எல்லாம் இந்த வகை. இறுகுகிற பட்டிக்குள் வேதிவினை நடக்கிறது. பெரிதாக எதுவும் வெளியேறாததால் சுருக்கமும் மிகக் குறைவு. மிலிபுட் போன்ற இரு கூறு எபாக்சி, பாலியெஸ்டர் பட்டி, ஒளியில் இறுகும் பட்டி, சூப்பர் குளூ ஆகியவை இந்தப் பக்கம். சூப்பர் குளூவைப் பெரும்பாலும் பட்டி என்று விற்பதில்லை. ஆனாலும் என் கையில் அதிகம் செலவாகும் பட்டி அதுதான்.

கீழே உள்ள கோளாறுகளில் பாதி, இந்த இரண்டையும் இடம் மாற்றிப் போட்டதால் வருபவை. உங்கள் மாடலில் தெரிவது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அதற்கு முன், அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரு கைவிளக்கை மேற்பரப்பை ஒட்டிச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் ஒளிந்துகொள்ளும் பள்ளமும் மேடும் அப்போது நிழலோடு எழுந்து நிற்கும்.

## தேய்த்தபோது சமமாக இருந்தது, சில வாரங்களில் பள்ளம் விழுந்தது

எல்லாரையும் ஒரு முறையாவது அழவைக்கும் கோளாறு இது. ஒரு விமானத்தின் இறக்கை உடலோடு சேரும் இடத்தில் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது. கரைப்பான் பட்டியை ஒரே மூச்சில் அப்பி, மறுநாள் தேய்த்து, கண்ணாடி போல் ஆக்கி, வெள்ளி நிறமும் அடித்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து அலமாரியிலிருந்து எடுத்தால் இறக்கையின் அடியில் வாய்க்கால் வெட்டியதுபோல் ஒரு கோடு.

எல்லாப் பள்ளமும் ஒரே காரணத்தால் விழுவதில்லை. எங்கே விழுந்திருக்கிறது என்று உற்றுப் பாருங்கள்.

பள்ளம் பட்டியின் நடுவில் இருந்து, இரு கரைகளும் உயரமாக இருந்தால் பட்டிதான் சுருங்கியிருக்கிறது. கனமாகப் போட்டபோது மேல்தோல் முதலில் காய்ந்து, அடியில் கரைப்பான் சிறைப்பட்டுவிட்டது. அது மெல்ல மெல்ல வெளியேறும்போது மேற்பரப்பையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆழம் குறைவாக இருந்தால் பள்ளத்தைச் சொரசொரப்பாக்கி, மெல்லிய அடுக்காக இன்னொரு முறை பூசி, ஒரு நாள் விட்டுத் தேய்க்கலாம். அரை மில்லிமீட்டரைத் தாண்டும் ஆழத்துக்கு இந்த வகைப் பட்டியே வேண்டாம். சுரண்டி எடுத்துவிட்டு எபாக்சி வையுங்கள். இன்னும் நல்ல வழி, இடைவெளிக்குள் மெல்லிய ஸ்டைரீன் (மாடலின் அதே பிளாஸ்டிக்) தகட்டைச் செருகி ஒட்டி, மிச்சமிருக்கும் மயிரிழைப் பிளவை மட்டும் பட்டியால் மூடுவது. ஒன்றரை மில்லிமீட்டர் ஓட்டையைப் பட்டியால் அடைக்க நினைத்ததுதான் என் முதல் தவறு.

பள்ளம் பட்டியே போடாத இடத்திலும் இணைப்பு நெடுகத் தொடர்ந்தால், குற்றவாளி பசை. பிளாஸ்டிக் சிமென்ட் பாகங்களின் ஓரத்தைக் கரைத்து ஒன்றாக்குகிறது. அந்தக் கரைப்பான் முழுவதும் வெளியேறுவதற்கு முன் தேய்த்துவிட்டால், மென்மையாக இருந்த பிளாஸ்டிக் பின்னர் சுருங்கிக் கோடு விடும். கெட்டியான டியூப் சிமென்ட்டில் இது அதிகம். ஒட்டிய பிறகு ஒரு வாரம் அந்தப் பாகத்தைத் தொடாமல் வேறு வேலை பார்ப்பதே மருந்து. பொறுமை இல்லாதவர்கள் இணைப்பைச் சூப்பர் குளூவால் ஒட்டலாம். அதில் இந்தச் சுருக்கம் இல்லை.

பள்ளமாக இல்லாமல் நூல் போன்ற விரிசலாக, அதுவும் எத்தனை முறை மூடினாலும் அதே இடத்தில் வருகிறதா? அங்கே இணைப்பு அசைகிறது. கையில் பிடிக்கும்போதெல்லாம் உடல் சற்று நசுங்கி விரிகிறது. எந்தப் பட்டியும் அதைத் தாங்காது. முடிந்தால் உள்பக்கமிருந்து ஒரு ஸ்டைரீன் பட்டையை இணைப்பின் குறுக்கே ஒட்டுங்கள். மாடல் மூடிவிட்டதென்றால் விரிசலைக் கத்தி முனையால் சற்று அகலப்படுத்தி, நீர்போல் ஓடும் சூப்பர் குளூவை உள்ளே இறங்கவிடுங்கள்.

## பட்டி போட்ட இடத்தில் பிளாஸ்டிக் இளகி நெளிந்திருக்கிறது

கரைப்பான் பட்டிகளில் மாடலின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைக் கரைக்கும் திரவங்கள் இருக்கின்றன. ஓரளவுக்கு அது நன்மையே. பட்டி பிளாஸ்டிக்கைக் கடித்துப் பிடிப்பது அதனால்தான். ஆனால் மெல்லிய பாகத்தின் மேல் தாராளமாக அப்பினால் கரைப்பான் மறுபக்கம் வரை ஊறிவிடும். இறக்கையின் பின் விளிம்பு, சிறிய கதவு, டாங்கியின் மெல்லிய காப்புத் தகடு ஆகியவை முதலில் பலியாகும்.

நெளிந்த உடனே தொட்டால் கைரேகைதான் பதியும். நான்கைந்து நாள் அப்படியே விட்டுவிடுங்கள். முற்றிலும் கெட்டியான பிறகு மேடுகளைத் தேய்த்து, பள்ளங்களுக்குச் சூப்பர் குளூ அல்லது நீர்ப் பட்டி வையுங்கள். அதே கரைப்பான் பட்டியை மறுபடி போட்டால் மறுபடி இளகும்.

ஸ்புரூ எனப்படும் பாகச் சட்டத்தின் துண்டுகளைச் சிமென்ட்டில் போட்டுக் கரைத்த குழம்புக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மாடலின் பிளாஸ்டிக்கே பட்டியாவதால் நிறம், கடினம் இரண்டும் பொருந்தும். அதில் எனக்கும் ஆசை உண்டு. ஆனால் அது பட்டிகளிலேயே மெதுவாகக் காயும் பட்டி. கனமாக ஊற்றினால் அடியிலிருக்கும் பாகத்தையும் சேர்த்துக் கூழாக்கிவிடும்.

## தேய்க்கத் தேய்க்கப் பட்டி மேடாகிறது, அல்லது பட்டி குழிந்து பிளாஸ்டிக் நிற்கிறது

இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள். பட்டிக்கும் பிளாஸ்டிக்குக்கும் கடினம் ஒத்துப்போகவில்லை.

பட்டி மேடாக நின்றால், பெரும்பாலும் அது சூப்பர் குளூவாகவோ, நன்றாக முற்றிய எபாக்சியாகவோ இருக்கும். சூப்பர் குளூ கெட்டியான முதல் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறையப் பிளாஸ்டிக் அளவே கடினமாக இருக்கும். மறுநாள் பார்த்தால் கல். அதைத் தேய்க்கப் போனால் சுற்றியுள்ள பிளாஸ்டிக்தான் கரைந்து போகும். எனவே அன்றைக்கே தேய்க்க நேரம் இருந்தால் மட்டும் சூப்பர் குளூவைத் தொடுங்கள். அதோடு டால்கம் பவுடரைக் கலந்து பசைபோல் குழைத்துக்கொண்டால் பின்னர் தேய்ப்பது எளிது. ஆழமான இடத்திலும் வழியாமல் நிற்கும்.

நேரம் தப்பிவிட்டதா? இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பிளாஸ்டிக்கைக் காத்துக்கொண்டு, சிறிய அரத்தால் மேட்டை மட்டும் தட்டையாக்குங்கள். டேப்பைத் தொடும் அளவுக்கு வந்ததும் அதை உரித்துவிட்டு, எண் 600 உப்புத்தாளை ஒரு தட்டையான கட்டையில் சுற்றி ஈரத்தோடு தேய்த்து முடியுங்கள்.

பட்டி குழிந்தால், அது பிளாஸ்டிக்கைவிட மென்மையானது. நீர்ப் பட்டியில் இது வாடிக்கை. உப்புத்தாளை விரலால் அழுத்தித் தேய்ப்பது இதை மோசமாக்கும். விரலின் சதை மென்மையான இடத்தைத் தேடி உள்ளே இறங்கும். தட்டையான கட்டை இறங்காது. நீர்ப் பட்டியை உண்மையில் தேய்க்கவே வேண்டியதில்லை. போட்ட சில நிமிடங்களுக்குள் ஈரமான பஞ்சுக் குச்சியால் துடைத்தால் பிளவில் மட்டும் தங்கி, மற்றதெல்லாம் போய்விடும். இறக்கை அடியில் அழகிய வளைவு இருந்தால், விமானத்தின் ரிவெட்டுகள் மழுங்கக் கூடாதென்றால், இதற்கு இணை கிடையாது. கரைப்பான் பட்டியிலும் இதைச் செய்யலாம். ஆனால் துடைக்க நீருக்குப் பதில் தின்னர் அல்லது நகப்பூச்சு நீக்கி தேவைப்படும். குச்சியைப் பிழிந்து, தொட்டும் தொடாமலும் துடைக்க வேண்டும். தாராளமாக நனைத்தால் பிளாஸ்டிக்கும் கூடவே வரும்.

## ஓரம் செதிலாக உரிகிறது

இது எபாக்சியிலும் நீர்ப் பட்டியிலும் வரும். இரண்டுமே பிளாஸ்டிக்கைக் கரைத்துப் பிடிப்பதில்லை. சொரசொரப்பைப் பற்றிக்கொண்டு நிற்கின்றன. வழவழப்பான பரப்பின் மேல் தாள் போல் மெலிந்து படர்ந்த ஓரத்துக்குப் பிடிமானம் எங்கிருந்து வரும்? உப்புத்தாள் பட்டதும் உரிந்துவிடும்.

உரிந்த ஓரத்தை நகத்தால் முழுவதும் எடுத்துவிடுங்கள். பிடித்திருக்கும் பகுதி மட்டும் மிஞ்சட்டும். அந்த விளிம்பில் உண்டான சிறு படியைத் திரவப் பட்டியால் நிரப்புங்கள். அடுத்த முறை, பட்டி வைக்கும் முன் அந்த இடத்தை எண் 400 தாளால் உரசிச் சோப்பு நீரில் கழுவிக்கொள்ளுங்கள். எபாக்சியைப் பிளவுக்குள் மட்டும் அழுத்தி, கெட்டியாகும் முன்பே ஈர விரலால் ஓரங்களை வழித்தெடுத்துவிட்டால் மெலிந்த ஓரம் என்ற பேச்சே எழாது. மிலிபுட் வகையில் இந்த வழிப்புக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் அவகாசம் கிடைக்கும்.

## கெட்டியாகவே மாட்டேன் என்கிறது

எபாக்சி என்றால் கலவை சரியில்லை. இரண்டு கூறுகளையும் சம அளவு எடுத்து, இரு நிறங்களின் கோடுகளும் மறைந்து ஒரே நிறமாகும் வரை பிசைய வேண்டும். கோடு தெரிந்தால் அந்த இடம் பிசுபிசுப்பாகவே நிற்கும். பழைய கட்டியின் மேல் படிந்த காய்ந்த தோலைச் சீவி எறிந்துவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் எடுங்கள். குளிரிலும் எபாக்சி மந்தமாகும். மேசை விளக்கின் இளஞ்சூட்டில் வைத்தால் விரைவுபடும். பிளாஸ்டிக் வளையாத அளவுச் சூடாக இருக்கட்டும். பாலியெஸ்டர் பட்டியில் கெட்டியாக்கி குறைந்துபோனதுதான் வழக்கமான காரணம். மேலே இன்னும் கொஞ்சம் கெட்டியாக்கியைத் தடவி ஏமாற்ற முடியாது. இரண்டிலுமே சுரண்டி எடுத்துப் புதிதாகப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஒளியில் இறுகும் பட்டியின் மேற்பரப்பில் ஒட்டும் தன்மை மிஞ்சினால் பயப்படாதீர்கள். காற்றிலுள்ள ஆக்சிஜன் மேல்படலத்தின் வினையைத் தடுக்கிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் அடியில் கெட்டியான பரப்பு இருக்கும். துடைத்த பிறகும் உள்ளே மென்மையாக இருந்தால், வெளிச்சம் அடிவரை இறங்காத அளவுக்குக் கனமாகப் போட்டுவிட்டீர்கள்.

கரைப்பான் பட்டி கெட்டியாகவில்லை என்றால் கனம்தான் காரணம். நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் பதிந்தால் இன்னும் இரண்டு நாள். மூக்கையும் நம்பலாம். தின்னர் வாசனை வரும்வரை அது காயவில்லை.

## ஊசித் துளைகள்

பாலியெஸ்டர் பட்டியை வேகமாகக் கலக்கினால் காற்றுக் குமிழ்கள் புகும். தேய்க்கும்போது அவை திறந்துகொள்ளும். சூப்பர் குளூவை ஒரே சொட்டாகக் கொட்டி அதன் மேல் விரைவூக்கியைத் தெளித்தால், வினையின் சூட்டில் பசை நுரைத்துத் தேன்கூடு போலாகும். முதலாவதில், தட்டில் பட்டியை வழித்து வழித்துக் கலக்குங்கள். இரண்டாவதில், பல்குத்தும் குச்சி நுனியளவு பசையை அடுக்கடுக்காக வையுங்கள்.

ஏற்கெனவே உள்ள துளைகளுக்கு மிஸ்டர் சர்ஃபேசர் 500-ஐத் தூரிகையால் குத்திக் குத்தி வைத்து, உலர்ந்த பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் மேற்பரப்பைத் துடைத்துவிடுங்கள். துளைக்குள் இருப்பது தங்கிவிடும்.

## பிரைமர் அடித்ததும் பட்டியின் எல்லை வரைபடம்போல் தெரிகிறது

நகத்தை அதன் மேல் குறுக்காக இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் ஓரம் சரியாகத் தேயவில்லை, அல்லது பிரைமரின் கரைப்பான் ஓரத்தை ஊதவைத்திருக்கிறது. பிரைமர் நன்றாகக் காயட்டும். பின்னர் எண் 800, 1000 தாள்களால் ஈரத்தோடு தேய்த்து, இரண்டாம் முறை பிரைமரை மெல்லிய பனி போல் அடியுங்கள். சில நீர்ப் பட்டிகள் உலர்ந்த பிறகும் நீர் பட்டால் இளகும். அவற்றை உலர்வாகவே தேய்ப்பது நல்லது.

நகம் தட்டவில்லை, ஆனாலும் கண்ணுக்குத் தெரிகிறது என்றால், பட்டி நிறத்தை உறிஞ்சுகிறது. நுண்துளை மிகுந்த பட்டி, பிளாஸ்டிக்கைவிடப் பெயின்டை அதிகம் குடித்து மங்கலாகிவிடும். அந்த இடத்தில் மட்டும் இரண்டு மூன்று முறை பிரைமர் அடித்துத் துளைகளை அடைத்துவிட்டால் சரியாகும்.

மாடலுக்கு உலோக நிறம் அடிப்பதாக இருந்தால் இந்த விவகாரம் பத்து மடங்கு கடுமையாகும். பாலிஷ் செய்த அலுமினிய நிறம் எதையும் மன்னிக்காது. அப்படிப்பட்ட மாடல்களில் நான் சூப்பர் குளூவைத் தவிர வேறு பட்டியைத் தொடுவதில்லை. பிளாஸ்டிக் போலவே அதையும் பளபளக்கத் தீட்டலாம், பெயின்டையும் உறிஞ்சாது. பெயின்டுக்கு முன் இணைப்பின் மேல் மட்டும் மெல்லியதாக வெள்ளி நிறம் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். எதிரி எங்கே ஒளிந்திருக்கிறான் என்று அது காட்டிக்கொடுக்கும்.

## பேனல் கோட்டை மறுபடி கீறும்போது பொடிந்து விழுகிறது

தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் இந்தப் பள்ளக் கோட்டைக் கீறுவதற்கு நீர்ப் பட்டி உதவாது. சுண்ணாம்புச் சுவரில் ஆணி இழுத்ததுபோல் விளிம்பு உதிரும். கரைப்பான் பட்டியும் சில சமயம் சில்லு சில்லாகப் பெயரும். சூப்பர் குளூவும், முற்றிலும் காய்ந்த ஸ்புரூ குழம்பும் கூர்மையான கோட்டை நன்றாகத் தாங்கும். சூப்பர் குளூ என்றால் தேய்த்த அன்றைக்கே கீறுங்கள். மறுநாள் கீறுகோல் அதன் மேல் வழுக்கிக்கொண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கில் ஓடும்.

ஏற்கெனவே பொடிந்துவிட்டதென்றால், உதிர்ந்த பகுதியைத் தோண்டியெடுத்து, மெல்லிய சூப்பர் குளூவை ஒரு சொட்டு ஓடவிட்டு, தேய்த்து, மறுபடி கீறுங்கள். முதல் இழுப்பில் அழுத்த வேண்டாம். கருவியின் எடையிலேயே நாலைந்து முறை போகட்டும்.

## விமானியறைக் கண்ணாடி பனி படர்ந்ததுபோல் மங்கிவிட்டது

சூப்பர் குளூவின் ஆவி. கண்ணாடிப் பாகத்தின் அருகில், அதுவும் மூடிய அறைக்குள், அதைப் பயன்படுத்தக் கூடாது. கரைப்பான் பட்டியும் கண்ணாடியைக் கடித்துவிடும். அங்கே நீர்ப் பட்டியோ, வெள்ளைப் பசையோதான். மங்கல் வெளிப்புறம் இருந்தால் மிக நுண்ணிய தாளில் தொடங்கிப் பாலிஷ் கூழ் வரை தேய்த்து மீட்கலாம். உள்புறம் என்றால் கண்ணாடியைக் கழற்றத்தான் வேண்டும்.

## ரெசின் பாகத்தில் பட்டி ஒட்டவில்லை

பாலியூரித்தேன் ரெசினையும் உலோகத் தகட்டையும் கரைப்பான் பட்டி பாலிஸ்டைரீனைக் கடிப்பதுபோல் கடிக்காது. பாகத்தின் மேல், அச்சிலிருந்து எளிதில் பிரிவதற்காகத் தடவிய எண்ணெய் வேறு இருக்கலாம். சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, சூப்பர் குளூ அல்லது எபாக்சிக்கு மாறுங்கள். ரெசினைத் தேய்க்கும்போது முகமூடியும் ஈரமும் கட்டாயம். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. எபாக்சியை வெறும் கையால் பிசைவோருக்குத் தோல் ஒவ்வாமை வரக்கூடும் என்பதால் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். கரைப்பான் பட்டியோடு வேலை செய்யும்போது சன்னல் திறந்திருக்க வேண்டும்.

## டியூப்புக்குள்ளேயே கெட்டியாகிவிட்டது

கரைப்பான் பட்டி இன்னும் பிசைகிற பதத்தில் இருந்தால் பிழைக்கும். வேண்டிய அளவை ஒரு கண்ணாடிக் குப்பியில் எடுத்து, அதே வகைத் தின்னரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழையுங்கள். இன்னும் கொஞ்சம் விட்டால் தூரிகையால் தடவும் திரவப் பட்டியே கிடைத்துவிடும். மயிரிழைப் பிளவுகளுக்கு அதைத் தனியாக வாங்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் தின்னர் கூடக்கூடச் சுருக்கமும் கூடும். உலர்ந்துபோன நீர்ப் பட்டியைக் குப்பையில் போட்டுவிடலாம். சூப்பர் குளூவை ஈரம் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு அடைத்து வைத்தால் நெடுநாள் வரும். குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தால் வெளியே எடுத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே நீர் கோத்து, வாயிலேயே அடைத்துக்கொள்ளும்.